பாசி எடுக்கும் பெண்களுக்காக வரைபடம் போட ஆள் வேண்டும்

வணக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பாம்பன் பக்கத்துப் பெண்கள் அதற்கு முன்பிருந்தே அங்கே முங்கி மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுத்தவர்கள். பூங்காவின் மேலாண்மை பற்றி அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டமாம். அதற்காகத் தந்திருக்கும் வரைபடத்தில் வெறும் அட்சரேகை, தீர்க்கரேகைதான். இவர்களோ கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் நேர்வைத்து இடம் சொல்பவர்கள். இப்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கருத்துச் சொல் என்றால் என்னத்தைச் சொல்வது?

எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் பாசி வளரும், எப்போது விட்டுவைப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதை அந்த இடங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களோடு வரைபடத்தில் ஏற்ற, ஜிபிஎஸ் தெரிந்த யாராவது வர முடியுமா? காலையில் கடலுக்குப் போய்விடுவார்கள், அதனால் சாயங்காலம் வாருங்கள். அப்புறம், 1986 அறிவிக்கையின் தமிழ்ப் படி வைத்திருந்தால் இங்கேயே போடுங்கள்.