புதுப்பிப்பு: டேப்பெட் சத்தம் போயிற்று

குளச்சலில் ஓட்டும் என் பழைய பைக்கில் டேப்பெட் சத்தம் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே இடைவெளி கூடினால் வரும் டக்டக் ஒலி), வீட்டிலேயே சரிசெய்ய என்ன டூல் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது.

வாங்கியது இரண்டுதான்: மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் சதுரத் தலைக்கு 3 மி.மீ. டேப்பெட் சாவி. இரண்டும் நாகர்கோவிலிலேயே கிடைத்தன. அந்தத் திருகைப் பூட்டும் லாக் நட்டுக்கு 9 மி.மீ. ஸ்பேனர் வீட்டில் இருந்தது.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஃப்ளைவீலில் (இஞ்சினோடு சுற்றும் சக்கரம்) உள்ள ‘டி’ குறியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறியை, நேராக வைத்து, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. தொல்லை கொடுத்தது லாக் நட்டுதான். இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பி இடைவெளி மாறிவிடுகிறது. சாவியை அசையாமல் பிடித்து இறுக்கி, மறுபடி அளந்தே ஆக வேண்டும். என் வண்டிக்கு 0.08 மி.மீ. அந்தத் தகடு லேசாக உரசிப் போய், 0.10 நுழையாவிட்டால் சரி.

திருகின் முனையில் தேய்ந்து குழி விழுந்திருந்தால் தட்டைத் தகடு குழிக்குள் இறங்காது. உண்மை இடைவெளி அது காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். அங்கே டயல் கேஜ்தான் (அசைவை முள்ளால் காட்டும் கருவி) கதி.

சத்தமே வரக்கூடாது என்று ரொம்ப இறுக்காதீர்கள், வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். அப்புறம், கடலோரத்தில் இருப்பவர்கள் தகடுகளுக்கு எண்ணெய் தடவி வையுங்கள். உப்புக் காற்றில் துரு ஏறினால் அளவே போச்சு.