30 மீட்டர் என்று போட்டுவிட்டு நீந்தாதே என்றால் எப்படி?

முள்ளோட்டம்: என் வாட்ச்சின் பின்மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. கையேட்டைப் பிரித்தால் நீச்சலுக்கு ஆகாதாம், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்குமாம். அப்புறம் எதற்கு அந்த 30? பச்சை ஏமாற்று.

ஆழ்கடல்: ஏமாற்று இல்லை நண்பரே. அது அழுத்தக் கணக்கு. 10 மீட்டர் தண்ணீருக்குச் சுமார் 1 பார் (bar, அழுத்தத்தின் அலகு), ஆக 3 பார். அசையாமல் வைத்துச் சோதித்த எண் அது. நீந்தும்போது கையை வீசுகிறீர்கள், அழுத்தம் பல மடங்கு எகிறிவிடும்.

சாவிக்காரன்: இந்தக் கதையை இன்னும் விடவில்லையா? கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழித்தாலும் கூடுவது 0.125 பார்தான். ஒன்றேகால் மீட்டர் ஆழம் கூடுவதற்குச் சமம். 3 பார் தாங்கும் வாட்ச் அதற்கா சாகும்?

ஆழ்கடல்: சரி, கணக்கில் நீங்கள்தான். ஆனால் அதே 30 மீட்டர் வாட்ச் நீச்சல் குளத்தில் செத்ததை நான் பார்த்திருக்கிறேனே?

சாவிக்காரன்: பின்மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் காரணம். பேட்டரி மாற்றத் திறந்தபோது என்னுடையதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகி, மடக்கினால் மயிரிழை வெடிப்பு. போதாததற்கு ஒரு நூலிழை வேறு குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே திரும்பப் போட்டு மூடினால் 100 மீட்டர் வாட்ச்சிலும் தண்ணீர் ஏறும். நேரம் திருத்தும் பக்கத்துத் திருகை, அதுதான் கிரௌன், இழுத்துவிட்டு அழுத்த மறந்தால் கேட்கவே வேண்டாம்.

முள்ளோட்டம்: அப்படியானால் என் புகார் இன்னும் வலுக்கிறது. புது வாட்ச்சுக்கு மட்டும் பொருந்தும் எண்ணை எஃகில் அழியாமல் பொறித்து வைப்பது என்ன நியாயம்?

ஆழ்கடல்: அது நியாயமான கேள்வி. சாதாரண வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். கடலுக்குள் மூழ்குவோர் கட்டும் டைவர்ஸ் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 அப்படி விடாது. ஒவ்வொன்றையும் குறித்த அழுத்தத்துக்கு 25 சதவீதம் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். நீந்துவதென்றால் 100 மீட்டராவது வாங்குங்கள்.

சாவிக்காரன்: முள்ளோட்டம், குளிக்கும்போது கழற்றுவீர்களா?

முள்ளோட்டம்: இல்லை. வெந்நீர்தான், தினமும்.

சாவிக்காரன்: போச்சு. சூடும் சோப்பும்தான் வளையத்துக்கு எமன். வாட்ச்சை 45 டிகிரிக்குள் இதமாகச் சூடாக்கிக் கண்ணாடி மேல் ஒரு குளிர்ந்த சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், உள்ளே ஈரம் ஏறியிருந்தால் பனி பூத்துக் காட்டிக்கொடுக்கும்.

முள்ளோட்டம்: பார்த்தேன். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் வட்டமாகப் பனி பூத்திருக்கிறது.