மினுங்கும் பச்சைக்கு ஒரு பெயர்: ‘கரைசேர் நேரம்’

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சாலை கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் சிறிது நேரம் நிலையாக எரிந்துவிட்டுப் பிறகு மினுங்கத் தொடங்குகிறானே, அந்த நொடிகளைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். இது சொல்லழகு பற்றிய விவாதம் மட்டுமன்று. எங்கள் குடியிருப்பில் முன்பு வழங்கப்பட்ட ஒரு துண்டறிக்கையில், “பச்சை விளக்கு மின்னும்போது விரைந்து கடக்கவும்” என்று அச்சாகியிருந்தது. பொருள் தலைகீழாகிவிட்டது. புதிய துண்டறிக்கையைத் தமிழில் எழுதும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாலைச் சமிக்ஞைகள் பற்றிய 1968 வியன்னா உடன்படிக்கை, மினுங்கும் பச்சைக்குக் கடக்கும் நேரம் முடியப்போகிறது, சிவப்பு வரப்போகிறது என்றே பொருள் தருகிறது. பொறியாளர் கணக்கில் அது ஏற்கெனவே சாலையில் இறங்கிவிட்டவர் மறுபக்கம் போய்ச் சேர்வதற்காக ஒதுக்கிய நேரம். ஓரத்தில் நிற்பவருக்கு அதில் பங்கில்லை. ஆனால் நடைமுறையில் அந்த மினுக்கத்தைப் பார்த்ததும் நாம் ஓட்டம் பிடிக்கிறோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்த என் அம்மா, மினுக்கம் தொடங்கியதும் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மின்னுதுடா, வா வா” என்று என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். அவருக்கு வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பாதிச் சாலையில் சிவப்பு விழுந்தது. இடப்புறம் திரும்பக் காத்திருந்த மோட்டார் சைக்கிள்கள் உறுமின.

கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். தடம் ஒன்று 3.5 மீட்டர் என வைத்தால், ஆறு தடச் சாலையின் அகலம் 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க 17.5 நொடி வேண்டும். அமெரிக்காவின் சமிக்ஞைக் கையேடு நெடுங்காலம் இந்த 1.2-ஐத்தான் அடிப்படையாகக் கொண்டிருந்தது; 2009 பதிப்பில், முதியோரையும் மெதுவாக நடப்போரையும் கருதி அதை ஏறத்தாழ 1.07 ஆகக் குறைத்தார்கள். அப்போது தேவைப்படும் நேரம் ஏறக்குறைய 20 நொடி. அம்மாவின் நடையை எங்கள் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அளந்தேன்: நொடிக்கு 0.8 மீட்டர், அதாவது 26 நொடி. மீதி நொடிகளை இறங்குமுகமாக எண்ணிக் காட்டும் பலகையில் ‘10’ என்று எண் தெரியும்போது அவர் காலெடுத்து வைத்தால் நொடிக்கு 2.1 மீட்டர் ஓட வேண்டும். அந்த எண்ணை, கடக்க இன்னும் 10 நொடி கிடைக்கிறது என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். போதாததற்குத் தைப்பேயில் தோன்றிய அசையும் பச்சை மனிதன் நேரம் குறையக் குறைய வேகம் கூட்டி ஓடவே செய்கிறான். படம் ஒன்று சொல்கிறது, விதி வேறொன்று சொல்கிறது.

இனி பரிந்துரைகள். ‘மினுங்கு பச்சை’ என்பது எளிமையானது, ஆனால் நிறத்தைப் பெயராக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அதே நேரத்தில் பச்சை மனிதன் மினுங்குவதில்லை, தடுக்கும் பாவனையில் உயர்த்திய கை மினுங்குகிறது. செயல் ஒன்று, விளக்கு வேறு. ‘வெளியேற்ற இடைவேளை’ என்பதில் சாலையைக் காலிசெய்யும் நோக்குதான் தெரிகிறது. நடப்பவர் அப்புறப்படுத்த வேண்டிய சரக்கு போல ஆகிவிடுகிறார். ‘எச்சரிக்கைப் பச்சை’ என்றால் எவருக்கு, எதைக் குறித்து எச்சரிக்கை என்று மறுபடி விளக்க வேண்டும், அந்த இடைவெளியில்தான் ‘விரைந்து கடக்கவும்’ புகுந்துகொண்டது. ‘போய்ச்சேர் நேரம்’ என்று எழுதிய ஈப்போ அன்பர் தயவுசெய்து மன்னிக்கவும்: ‘போய்ச் சேர்ந்துவிட்டார்’ என்றால் நம் வீடுகளில் என்ன பொருள் என்பது அவருக்கும் தெரியும். சாலைப் பாதுகாப்பு அறிக்கையில் அது வேண்டாம்.

என் பரிந்துரை ‘கரைசேர் நேரம்’. தண்ணீரில் இறங்கியவர்தான் கரைசேர முடியும். கரையில் நிற்பவர் கரைசேர்வதில்லை. யாருக்கு இந்த நேரம், யாருக்கு இல்லை என்பதை இச்சொல்லே சொல்லிவிடுகிறது. ‘ரோட்டில் இறங்காதே’ என்று பிள்ளைகளை அதட்டும்போது நாம் ஏற்கெனவே சாலையை நீராகத்தான் பார்க்கிறோம். ஆகவே மினுங்குவதற்கு முந்தைய நிலையான பச்சையை ‘இறங்கு நேரம்’ என்று சொன்னால் இரண்டும் ஒரு சோடியாக நிற்கும். சாலை நடுவே ஒதுங்கி நிற்கும் மேடைக்கு ‘அடைக்கலத் தீவு’ என்ற மொழிபெயர்ப்பு ஏன்? ஆற்று நடுவில் இருக்கும் மணல்மேட்டைத் திட்டு என்கிறோம். ‘நடுத்திட்டு’ போதும்.

‘கரைசேர்தல்’ பிறவிக்கடலையும், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துக் கரைசேர்ப்பதையும் நினைவூட்டுகிறது, தொழில்நுட்பச் சொல்லுக்கு இந்தச் சாயல் ஆகாது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆபத்தைத் தாண்டி நலமாக அக்கரை அடைதல் என்பதுதான் அத்தனை பயன்பாட்டிலும் உள்ள பொருள், இங்கும் அதுவே தேவை. இலங்கைத் தமிழர் ‘பாதசாரிக் கடவை’ என்று வழங்கும் அருமையான சொல்லோடும் இது ஒட்டும்: ‘கடவையின் கரைசேர் நேரம் 20 நொடி’ என்று வாக்கியத்தில் இடறாமல் வருகிறது. வினைத்தொகை ஆகையால் ‘கரைசேர் பொழுது’, ‘கரைசேர் கணக்கு’ என எதை அடுத்து வைத்தாலும் வல்லினம் மிகாது. அச்சுக்கோப்பவருக்கு ஒரு தொல்லை குறையும்.

சிங்கப்பூரில் 2009 முதல் முதியோர் தங்கள் சலுகை அட்டையைச் சமிக்ஞைக் கம்பத்தில் தொட்டால் பச்சை நேரம் கூடுதலாக 3 முதல் 13 நொடி வரை நீள்கிறது. அத்தகைய ஏற்பாட்டை ‘கரைசேர் நீட்டிப்பு’ எனலாமா என்பதையும் யோசியுங்கள். புக்கிட் பிந்தாங் சாலையும் சுல்தான் இஸ்மாயில் சாலையும் கூடும் சந்தியில் மூலைக்கு மூலை கடக்கிறோமே, அதற்குப் பெயர் வைப்பதைத் தனி மடலில் பேசலாம். இங்கே இழுத்தால் இது முடியாது.

துண்டறிக்கைக்கு நான் எழுதிய வரி இது: “பச்சை மனிதன் மினுங்கினால் அது கரைசேர் நேரம். இறங்கியவர் கரைசேரலாம், கரையில் நிற்பவர் இறங்க வேண்டாம்.” நேற்றிரவு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சொல் உடனே புரிந்தது. பிறகு கேட்டார்: “ரெண்டடி வெச்சதும் மின்னினா எந்தக் கரைக்குப் போறது? திரும்பிடலாமா?” பொறியாளர் கணக்கு முழு அகலத்துக்கும் போடப்படுவதால் இறங்கியவர் முன்னே போகலாம், திரும்பத் தேவையில்லை. ஆனால் என் வரியில் அது இல்லை. ‘எதிர்க்கரை சேரலாம்’ என்று திருத்தினால் போதுமா, அல்லது கலைச்சொல்லையே ‘அக்கரைசேர் நேரம்’ என்று மாற்ற வேண்டுமா? அறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.