கேமராவைத் தூக்கினாலே ஆள் விறைத்துவிடுகிறார், என்ன செய்யலாம்? (கொடைக்கானல் போர்ட்ரெய்ட்)

வத்தலக்குண்டுக்காரன்
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கல்யாண வீடுகளில் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத படங்கள், எடுத்துப் பழகியவன் நான். இப்போது கொடைக்கானல் வருகிற ஜோடிகளுக்கும் குடும்பங்களுக்கும் தனியாக போர்ட்ரெய்ட் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். கல்யாணத்தில் என்னை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வேலை சுலபம். இங்கே எதிரில் நிற்பவர் என்னையே பார்க்கிறார். தோள் காது வரைக்கும் ஏறிவிடுகிறது. 'சிரிங்க' என்றால் பல் மட்டும் தெரிகிறது. ஜோக் சொல்லியும் பார்த்தாச்சு. ஒரு மணி நேர ஷூட்டில் முதல் அரை மணி இப்படியே போய்விடுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குன்னூர் கிளிக்
சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி, அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிடுங்கள். எனக்கு அது ஒன்றே போதும்.

ஏரிக்கரைப் பெருசு
பாட்டுப் போட்டால் பக்கத்தில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான், அது எனக்கு ஒத்து வராது.

தம்பி, ஆள் கூச்சத்தில் விறைக்கிறாரா, குளிரில் விறைக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வருகிறார்கள். இங்கே உயரம் 2,100 மீட்டர். ஜனவரி காலையில் 8 டிகிரி பக்கம் இருக்கும். மெல்லிசான கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கிற பெண்ணுக்குத் தோள் ஏறத்தான் செய்யும், தாடை இறுகத்தான் செய்யும். அவரிடம் போய் 'ரிலாக்ஸ்' என்றால் எரிச்சல்தான் வரும். நான் ஸ்வெட்டரோடு நிற்க வைத்தே லைட் பார்த்து, ஃபோகஸ் பார்த்து, எல்லாம் முடித்துவிடுவேன். அப்புறம்தான் கழற்றச் சொல்வேன். ரெண்டு மூணு நிமிஷம் எடுத்ததும் திரும்பப் போர்த்திவிட வேண்டும். ஃப்ளாஸ்கில் டீ எப்போதும் இருக்கும். காற்று முகத்தில் அடித்தால் கண்ணில் தண்ணீர் கட்டும், மூக்கு சிவக்கும். அதனால் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள்.

இன்னொன்று, மலை ஏறி வந்த கையோடு எடுக்காதீர்கள். வளைவுகளில் வயிறு புரட்டியிருக்கும். 2024 மே 7-லிருந்து மலைக்கு வண்டியில் வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வேறு, அதைப் பதியாமல் வந்து கீழேயே தாமதமாகி, காரில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சாப்பிடட்டும், கொஞ்சம் உட்காரட்டும்.

பேச்சு என்று வந்தால் ஜோக் வேண்டாம். ஜோக்குக்குச் சிரிக்கிற முகம் பாதி மரியாதைக்குச் சிரிப்பது. அவர்கள் கதையைக் கேளுங்கள். 'பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு யார் முதல்ல பேசினது?' என்று கேட்டால் போதும். 'நான்தான்', 'எங்க பேசுன, காபி டம்ளரையே பார்த்துட்டு இருந்த' என்று ஆரம்பித்துவிடும். அப்போது கேமரா இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும்.

திண்டுக்கல்லிலிருந்து வயசான தம்பதி ஒருமுறை வந்திருந்தார்கள். பிள்ளைகள் கட்டாயப்படுத்தி அனுப்பியது. அவர் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றார். நான் அந்த அம்மாவிடம், 'ஐயா துண்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கும்மா, கொஞ்சம் சரி பண்ணிவிடுங்க' என்றேன். அந்தம்மா துண்டை இழுத்துவிட்டு, சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். அவர் வெட்கப்பட்டுக் குனிந்து மனைவியின் உச்சந்தலையைப் பார்த்தார். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் பெரிசாக மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

முடியோ முந்தானையோ கலைந்திருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். கூட வந்தவரிடம் சொல்லுங்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். டீ டம்ளர், சால்வை ஓரம், ஏரியில் வாடகைக்கு எடுத்த சைக்கிள் ஹேண்டில், எதுவானாலும் சரி.

லென்ஸ் விஷயத்தில் எனக்கு 85 எம்எம் போதும். 200-ல் எடுத்தால் தூரத்திலிருந்து கத்த வேண்டும், ஊரே திரும்பும். அகலமாகப் பிடிக்கிற 35-ஐ வைத்து முகத்துக்குக் கிட்டே போனால் மூக்கு பெரிசாகிவிடும், ஆளும் பின்வாங்குவார். மிரர்லெஸ் கேமரா வைத்திருந்தால் 'கிளிக்' சத்தமே வராத சைலண்ட் ஷட்டர் போடாதீர்கள். எடுத்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள்.

பழநி மேக்கப் அக்கா
பெருசு சொன்னது எல்லாம் சரி. என் பக்கம் இருந்து ஒன்று. பைன் காட்டில் ஊசியிலை மேல் ஹீல்ஸ் வழுக்கும். விழுந்துவிடுவோமோ என்கிற பயத்தில் நிற்கிறவளுக்கு முகம் எப்படி மலரும்? சாதாரண செருப்பு ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டுப்புடவையில் பின்னை இறுக்கிக் குத்தியிருந்தாலும் மூச்சு மேலேயே நிற்கும், தோளில் ஒன்றைத் தளர்த்திவிட்டாலே வித்தியாசம் தெரியும். அப்புறம், 'இப்படி நில்லு, அப்படித் திரும்பு' என்று ஒரு சித்தி கூடவே வருவார். அவரிடம் ரிஃப்ளெக்டரை (முகத்துக்கு வெளிச்சம் திருப்பும் தட்டி) கொடுத்துவிடுங்கள். அந்தப் பொறுப்பில் வாயை மறந்துவிடுவார்.

போன மாசம் எடுத்துக்கிட்டவ
நான் ஃபோட்டோகிராஃபர் இல்லை, முன்னால் நிற்கிற ஆள். எங்களுக்கு எடுத்தவர் நல்ல மனுஷர். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீனைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் அசிங்கமாக இருக்கிறேன் போல என்று உள்ளுக்குள் சுருங்கிவிட்டேன். கடைசியில் கேட்டால், லைட் கூடிப்போச்சாம்! அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாதா? 'லைட் மாத்துறேன், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க' என்றால் முடிந்தது.

வத்தலக்குண்டுக்காரன்
அக்கா, நானும் சுளிக்கிறேனா என்று இனி பார்க்கிறேன். பெருசு, கோக்கர்ஸ் வாக்கில் கூட்டத்தை என்ன செய்வது? நடுவில் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் 'ஐயோ, எல்லாம் போச்சு' என்று மூஞ்சி தொங்கிவிடுகிறது.

ஏரிக்கரைப் பெருசு
கூட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது தம்பி. கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட நடைபாதை, அகலம் அவ்வளவுதான். திறந்தவுடன் போய்விடுங்கள், அல்லது அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆள் பழகியிருப்பார். ஆரம்பத்தை பூம்பாறை சாலையோரம் எங்காவது அமைதியான இடத்தில் வையுங்கள்.

மஞ்சு வருவது நல்லதுதான். வெயில் நிழல் எல்லாம் கரைந்து முகத்தில் லைட் சமமாக விழும். வெள்ளையைப் பார்த்து கேமராவின் லைட் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு வரை, ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்று எடுத்து உடனே அவர்களிடம் காட்டுங்கள், மூஞ்சி தானாகத் தூக்கிக்கொள்ளும். குளிரில் இருந்த கேமராவை ஹீட்டர் போட்ட காருக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும், பைக்குள் போட்டு மூடியே வைத்திருங்கள்.