கிளென்கோவில் திறந்தவெளித் திருமணம்: மழை வந்தால் இடம் மாற்றுவது எப்படி?

வணக்கம். அக்டோபர் நடுவில் ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் எங்கள் திருமணம். 1692இல் மெக்டொனால்ட் குலத்தாரை அரசுப் படையினர் கொன்ற படுகொலையின் நினைவு இன்றும் அழியாத மண் அது, அதனால் ஆடம்பரம் வேண்டாம், மலையடிவாரத்தில் சுமார் 40 பேர் மட்டும் என்று முடிவு செய்தோம். கோடையில் மிட்ஜ் எனும் பொடிப்பூச்சித் தொல்லை, அதனால்தான் அக்டோபர்.

சிக்கல் மழையும் காற்றும். சக்கர நாற்காலியில் வரும் பாட்டியை ஈரப் புல்லில் உட்கார வைக்க முடியாது. கூடாரம் கேட்டோம், நிலத்துக்காரர் முளையடிக்க விடவில்லை. முளையில்லாத கூடாரம் அந்தக் காற்றுக்குத் தாங்காது என்று வாடகைக்காரரே கையை விரித்துவிட்டார். நேரத்தைத் தள்ளலாம் என்றால் மாலை 6 மணி தாண்டியதுமே இருட்டிவிடும். சரி, பக்கத்து விடுதிக் கூடத்தைப் பேசி வைத்தோம்.

அப்புறம்தான் அடுத்த தலைவலி. திருமண அட்டவணையில் (சடங்குக்கு முன் பதிவாளர் தரும் அனுமதி ஆவணம், Marriage Schedule) எழுதிய தேதியிலும் இடத்திலும்தான் சடங்கு நடக்க வேண்டுமாம். திருமணம் செய்யப்போவதைப் பதிவாளருக்கு அறிவிக்கும் எம்10 (M10) படிவம் இன்னும் கொடுக்கவில்லை (திருமணத்துக்கு 3 மாதத்துக்கு மேல் இருந்தால் ஏற்கமாட்டார்கள், 29 நாளாவது மீதி இருக்க வேண்டும்). திருமணப் பார்வையாளர் விசா கைக்கு வந்துவிட்டது, சடங்கை நடத்திவைப்பவர் மதம் சாராத மனிதநேய (Humanist) அமைப்பைச் சேர்ந்தவர், இரண்டு இடத்துக்கும் வரத் தயார்.

ஸ்காட்லாந்தில் இப்படி நடத்தியவர்கள் சொல்லுங்கள்: வெளியிடம், மாற்றுக் கூடம் இரண்டையும் பதிவாளரிடம் முன்கூட்டியே எப்படிப் பதிந்தீர்கள்?