பாளையங்கோட்டை வீடு குழு: மிசிசிப்பி வக்கீல் கதை

ஞாயிறு, இரவு 8.40

நித்யா: கதிர் அண்ணா, இருக்கீங்களா? லா காலேஜ்ல செமினார். அமெரிக்காவுல ஒரு மாநிலத்துக்கு அட்டர்னி ஜெனரலா இருந்தவங்க யாராவது ஒருத்தரோட அரசியல் வாழ்க்கையைப் பத்திப் பேசணும். யாரை எடுக்கலாம்?

சரவணன் சித்தப்பா: கமலா ஹாரிஸை எடு தாயி. 2011ல இருந்து 2017 வரைக்கும் கலிபோர்னியாவுல அந்தப் பதவிதான். அப்புறம் செனட், துணை ஜனாதிபதி.

நித்யா: அவங்களை எடுக்க கிளாஸ்ல பெரிய போட்டி சித்தப்பா. வேற யாராவது வேணும்.

செல்வி அத்தை: அது என்ன பதவி? நம்ம கவர்மென்ட் வக்கீல் மாதிரியா?

நித்யா: கிட்டத்தட்ட அப்படித்தான் அத்தை. இங்க அட்வகேட் ஜெனரலை கவர்னர் நியமிப்பாரு. ஆட்சி மாறினா பெரும்பாலும் ஆளும் மாறிடுவாரு. அங்க 43 மாநிலத்துல ஜனங்களே ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்காங்க.

செல்வி அத்தை: வக்கீலுக்குமா ஓட்டு போடுதாவ! அப்போ கவர்னர் சொன்னா அவரு கேக்க வேண்டாமா?

கதிர்: அத்தை சரியான இடத்துல கை வச்சிட்டீங்க 👏 நித்யா, நான் இருக்கிற ஊர்க்காரரையே எடு. மைக் மூர். 1988ல இருந்து 2004 வரைக்கும், தொடர்ந்து நாலு தேர்தல் ஜெயிச்சு, மிசிசிப்பிக்கு அட்டர்னி ஜெனரலா இருந்தவரு. அதுக்கு மேல எந்தப் பதவிக்கும் போகல. ஆனா சிகரெட்டால வந்த ஆஸ்பத்திரி செலவைக் கொடுன்னு சிகரெட் கம்பெனிகளை முதல்முதலா கோர்ட்டுக்கு இழுத்த மாநிலம் மிசிசிப்பி. இழுத்தவரு இவரு. அதை நிறுத்தச் சொல்லி அவரு மாநில கவர்னரே அவரு மேல கேஸ் போட்டாரு.

சரவணன் சித்தப்பா: என்னடே சொல்லுத? சொந்த கவர்னரா?

கதிர்: ஆமா சித்தப்பா, அதுக்கு வரேன். முதல்ல ஆளைப் பத்தி. மெக்சிகோ வளைகுடா ஓரத்துல பாஸ்ககூலான்னு கப்பல் கட்டுற ஊர். 1952ல அங்க பிறந்தவரு. அந்தப் பக்கத்துலயே டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியா, அதாவது அந்தப் பகுதிக்கு அரசாங்க வக்கீலா இருந்தப்போ, ஊழல் பண்ணின கவுண்டி சூப்பர்வைசர்கள் (நம்ம மாவட்ட நிர்வாகக் குழு உறுப்பினர் மாதிரி) மேல வழக்கு போட்டுப் பேர் வாங்கினாரு. அந்தப் பேரோடதான் 1987ல மாநிலம் பூரா நின்னு ஜெயிச்சாரு. 1989ல ஒரு இடைத்தேர்தல்ல எம்.பி.க்கு நின்னு மூணாவதா வந்தாரு.

சரவணன் சித்தப்பா: பாத்தியா, மேல போற ஆசை இருந்திருக்கு.

கதிர்: இருந்துது. இல்லன்னு சொல்லல.

மீனா அக்கா: சிகரெட் கேஸைச் சொல்லு கதிர். நான் டூட்டிக்குப் போகணும்.

கதிர்: கிளார்க்ஸ்டேல்னு ஒரு சின்ன ஊர். அங்க மைக் லூயிஸ்னு ஒரு வக்கீல், மூரோட லா காலேஜ் கூட்டாளி. அவரு ஆபீஸ்ல வேலை பாத்த ஒருத்தங்களோட அம்மா சிகரெட்டால வந்த நோய்ல ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்துலதான் பில் கட்டினது. அதாவது அரசாங்கப் பணம். லூயிஸ் போய் மூர்கிட்ட கேட்டாரு, வியாதியைக் கொடுத்தது கம்பெனி, செலவு பண்ணுறது மாநிலம், அந்தக் காசை நாம ஏன் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு.

கதிர்: இதுல என்ன பெரிய விஷயம்னா, அதுவரைக்கும் 40 வருஷமா தனி ஆளுங்க போட்ட கேஸ்ல கம்பெனிங்க ஒரு பைசா நஷ்டஈடு கொடுத்ததில்ல. "நீயாத்தானே குடிச்ச, கெடுதல்னு தெரியும்ல" இதைத்தான் கோர்ட்ல சொல்லிச் சொல்லித் தப்பிச்சாங்க. ஆனா மாநிலம் சிகரெட் குடிக்கலயே! அதுகிட்ட அந்தப் பேச்சு எடுபடாதுல்ல. 1994 மே மாசம் பாஸ்ககூலாவுல கேஸ் போட்டாரு. அதுவும் பொதுஜனங்கள் உக்காருற ஜூரி இல்லாம, ஜட்ஜே தீர்ப்பு சொல்லுற சான்சரி கோர்ட்டாப் பாத்து.

மீனா அக்கா: எங்க நெஞ்சு நோய் வார்டுல வந்து பாரு. மூச்சு விட முடியாம ஆக்சிஜன்ல இருக்கிறவங்களும் இதையேதான் சொல்லுவாங்க. "நானாத்தானே குடிச்சேன் சிஸ்டர், யாரைக் குத்தம் சொல்ல". பொண்டாட்டி பிள்ளைங்க பக்கத்துல நிப்பாங்க. எனக்கு அழுகையா வரும்.

செல்வி அத்தை: உங்க மாமாவும் அப்படித்தான் சொன்னாவ. எத்தனை தடவை விட்டாவ தெரியுமா. ஒவ்வொரு பொங்கலுக்கும் விடுவாவ. மாசி பிறக்கதுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிருவாவ.

கதிர்: அத்தை, மூர் கேஸ் போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1994 ஏப்ரல்ல, ஏழு பெரிய கம்பெனித் தலைவருங்க அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி கையைத் தூக்கி சத்தியம் பண்ணி ஒவ்வொருத்தரா சொன்னாங்க, சிகரெட்ல இருக்கிற நிகோடின் பழக்கத்துக்கு அடிமையாக்காதுன்னு நம்புறோம்னு. ஆனா அவங்க தொழில்ல 1960கள்லயே உள்ளுக்குள்ள எழுதி வச்ச காகிதம் வேற மாதிரி பேசுச்சு. பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியில ஆராய்ச்சித் தலைவரா இருந்த ஜெஃப்ரி வைகாண்ட், 1995 நவம்பர்ல பாஸ்ககூலாவுக்கு வந்து மூர் போட்ட கேஸ்ல சாட்சி சொன்னாரு. கம்பெனி எவ்வளவோ தடுத்துப் பாத்துச்சு. அப்பவும் வந்தாரு.

செல்வி அத்தை: மாமா விடாததுக்கு மனசு பலம் இல்லன்னு நானே திட்டியிருக்கேன்.

மீனா அக்கா: அத்தை 🙏 அது வியாதி அத்தை. மாமா மேல தப்பில்ல.

சரவணன் சித்தப்பா: அத்தான் முகம் கண்ணுக்குள்ளயே நிக்கி. சரி, கவர்னர் கதையைச் சொல்லுடே.

கதிர்: கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ், ரிபப்ளிக்கன் கட்சிக்காரரு. 1996ல மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. மெடிக்கெய்டு என் நிர்வாகத்துல இருக்கு, என் சம்மதம் இல்லாம அட்டர்னி ஜெனரல் இந்தக் கேஸை நடத்தக் கூடாதுன்னு. 1997ல கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. நித்யா, செமினார்ல இந்த இடத்துல நல்லா நின்னு பேசு. கவர்னர் நியமிச்ச ஆளா இருந்தா ஒரு போன் கால்ல கேஸ் முடிஞ்சிருக்கும். ஜனங்க ஓட்டு போட்டவருங்கிறதாலதான் எதிர்த்து நிக்க முடிஞ்சது.

நித்யா: சூப்பர் அண்ணா. எழுதிக்கிறேன்.

சரவணன் சித்தப்பா: எல்லாம் சரி. கேஸ் நடத்தக் காசு யாரு கொடுத்தா? நான் கொஞ்சம் தேடிப் பாத்தேன். ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ்னு ஒரு தனியார் வக்கீல், மூருக்குக் கூட்டாளி. மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சாஸ் மூணு மாநிலத்து வக்கீல்களுக்கும் சேத்து ஃபீஸ் 820 கோடி டாலர்னு போட்டிருக்கு. அந்த ஸ்க்ரக்ஸ் 2008ல ஜட்ஜுக்கு லஞ்சம் கொடுக்கப் பாத்த கேஸ்ல குத்தத்தை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போயிருக்காரு. இதையும் பிள்ளைகிட்ட சொல்லணும்லா?

கதிர்: கண்டிப்பா சொல்லணும். லஞ்சக் கேஸ் வேற வழக்கு, பல வருஷம் கழிச்சு. ஆனா ஃபீஸ் விஷயத்துல சித்தப்பா கேக்குறது நியாயமான கேள்வி. அது மாநிலத்துப் பங்குல இருந்து எடுத்ததில்ல, கம்பெனிங்க தனியாக் கொடுத்தது. ஆனாலும் அரசாங்க வழக்கைக் கூட்டாளி வக்கீல்கிட்ட கொடுக்கிற பழக்கம் நல்லதில்லன்னுதான் நானும் நினைக்கேன். தன் பணத்தைப் போட்டு நடத்த வேற யாரும் முன்வரலங்கிறதும் உண்மை.

மீனா அக்கா: கடைசியில ஜெயிச்சாங்களா?

கதிர்: தீர்ப்பு வரைக்கும் போகவே இல்ல அக்கா. விசாரணை தொடங்க சில நாள் இருக்கும்போது, 1997 ஜூலையில கம்பெனிங்க சமரசத்துக்கு வந்தாங்க. மிசிசிப்பிக்கு 25 வருஷத்துல ஏறக்குறைய 340 கோடி டாலர். அதுக்குள்ள மூர் ஊர் ஊராப் போய் மத்த அட்டர்னி ஜெனரல்களையும் கேஸ் போட வச்சிருந்தாரு. ஃபுளோரிடா, டெக்சாஸ், மினசோட்டா தனித்தனியா முடிச்சாங்க. மீதி 46 மாநிலமும் 1998 நவம்பர்ல ஒரே ஒப்பந்தம். 25 வருஷத்துல 20,600 கோடி டாலர். ரோட்டோர சிகரெட் விளம்பரப் பலகை போச்சு. பிள்ளைங்களை இழுக்குற கார்ட்டூன் விளம்பரம் போச்சு.

செல்வி அத்தை: அவ்வளவு பணமும் ஆஸ்பத்திரிக்கா போச்சு?

கதிர்: இல்ல அத்தை. எனக்கு ஆறவே ஆறாத இடம் அதுதான். பல மாநிலத்துல பட்ஜெட் துண்டு விழுந்த இடத்துல போட்டு அடைச்சாங்க. ஒப்பந்தத்துல எதுக்குச் செலவு பண்ணணும்னு கட்டாயம் எழுதல. மூர் மிசிசிப்பியில மட்டும் வருஷம் 2 கோடி டாலரை கோர்ட் உத்தரவு வாங்கி ஒரு தடுப்புத் திட்டத்துக்கு ஒதுக்க வச்சாரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட சிகரெட் நல்லாக் குறைஞ்சது. 2004ல மூர் பதவியை விட்டாரு. அதே வருஷம் ஹேலி பார்பர் கவர்னரா வந்தாரு. முன்னாடி சிகரெட் கம்பெனிகளுக்காக லாபி பண்ணினவரு, அதாவது காசு வாங்கிட்டு அவங்களுக்காக அரசாங்கத்துல ஆதரவு தேடினவரு. அவரு கோர்ட்டுக்குப் போய் 2006ல அந்தப் பணத்தை நிப்பாட்டிட்டாரு.

மீனா அக்கா: ஐயோ. நல்லா நடந்த திட்டத்தையா?

கதிர்: ஆமாக்கா. சட்டசபைக்குத்தான் பணம் ஒதுக்குற அதிகாரம், கோர்ட்டுக்கு இல்லன்னு வாதம். சட்டப்படி அதுல நியாயம் இருக்கலாம். பிள்ளைங்களுக்கு நஷ்டம்.

சரவணன் சித்தப்பா: அவ்வளவு பேர் வாங்கினவரு கவர்னருக்கு நிக்கலயா? நம்ம ஊரா இருந்தா அடுத்த தேர்தலுக்கே போஸ்டர் ஒட்டியிருப்பான்.

கதிர்: அங்கயும் அதுதான் வழக்கம் சித்தப்பா. பில் கிளின்டன் ஆர்கன்சாஸ்ல ரெண்டு வருஷம் அட்டர்னி ஜெனரல், உடனே கவர்னர். பென்சில்வேனியாவுல ஜாஷ் ஷபிரோவும் அதே வழி. மூர் 2003ல எந்தத் தேர்தல்லயும் நிக்கல. தனியா வக்கீல் தொழிலுக்குப் போனாரு. 2017ல ஓஹையோ மாநிலம் வலி மாத்திரைக் கம்பெனிகள் மேல போட்ட ஓபியாய்டு (பழக்கத்துக்கு அடிமையாக்குற வலி மருந்து) வழக்குல மாநிலத்துக்காக வேலை பாத்தாரு. திரும்பவும் அதே வாதம்தான், வியாதியைக் கொடுத்தவன் செலவைக் கொடுன்னு.

நித்யா: அதுல பணம் சரியாப் போச்சா அண்ணா?

கதிர்: சிகரெட்ல பட்டது உதவுச்சு. 2021ல பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளோட பண்ணின ஓபியாய்டு ஒப்பந்தத்துல, குறைஞ்சது 85 சதவீதம் அந்தப் பிரச்சினையைத் தீர்க்கத்தான் செலவு பண்ணணும்னு எழுதியே வாங்கிட்டாங்க.

சரவணன் சித்தப்பா: அது நல்ல வேலை. ஃபீஸ் விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஒப்பல. ஆனா கவர்னரை எதிர்த்து நின்ன துணிச்சல் பெருசுதான்டே.

மீனா அக்கா: கதிர், அந்தக் கம்பெனிங்க உள்ளுக்குள்ள எழுதின காகிதம்னியே, அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?

கதிர்: கோடிக்கணக்கான பக்கம் அக்கா. சான்பிரான்சிஸ்கோவுல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்துல போட்டு வச்சிருக்கு. யாரு வேணாலும் காசில்லாமப் படிக்கலாம்.

மீனா அக்கா: லிங்க் அனுப்பு. "நானாத்தானே குடிச்சேன்"னு சொல்லுறவங்ககிட்ட காட்டணும். நைட் டூட்டியில தேடி, தமிழ்ல எழுதி வைக்கேன்.

செல்வி அத்தை: எழுதினா எனக்கும் அனுப்பு மீனா. நானும் படிக்கணும்.