ஊட்டச்சத்து வேண்டாம், "சத்துப்பு" எப்படி?

வணக்கம் நண்பர்களே,

பதில் தாமதமாகிவிட்டது. நீலகிரியில் எங்கள் கேத்தியில் காற்றடித்தால் எங்காவது ஒரு சீகை மரம் கம்பி மேல் சாய்ந்திருக்கும், மின்சாரம் வரும் போகும்.

தூத்துக்குடி நண்பர் கேட்டது, கடலில் இறக்கி, பாசி வளரத் தேவையான நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சிலிக்கேட்டு எவ்வளவு என்று ஒளியை வைத்து அளக்கும் கருவிக்கு (optical nutrient sensor) தமிழில் என்ன சொல்வது என்று. வந்த சொற்களில் "ஒளி ஊட்டச்சத்து உணரி" முன்னால் நிற்கிறது. எனக்கு அதில் முதல் இரண்டு சொற்களுமே இடறுகின்றன.

எங்கள் தெருவிளக்கில் ஓர் ஒளி உணரி இருக்கிறது. மாலை நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் இருட்டிவிட்டது என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடும். அது ஒளியை உணர்வது, பெயர் பொருந்துகிறது. கடலுக்குள் போகிற கருவி ஒளியைத் தேடிப் போகவில்லையே. அது புற ஊதா விளக்கை வைத்துக்கொண்டு சிறிய இடைவெளியில் நிற்கிற நீருக்குள் ஒளியைச் செலுத்துகிறது, 240 நானோமீட்டருக்குக் கீழே நைட்ரேட்டு அந்த ஒளியை உறிஞ்சும், மறுபக்கம் எவ்வளவு குறைந்து வந்தது என்பதுதான் கணக்கு. தேடுவது நைட்ரேட்டை, ஒளி வழி மட்டுமே. அதனால் "ஒளிவழி" என்று ஒரு சொல் கூட்டினால் குழப்பம் தீரும்.

கணக்கு சுலபம் என்று நினைக்க வேண்டாம். கடல்நீரில் புரோமைடும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் உறிஞ்சுகிறது. அது லிட்டருக்கு 840 மைக்ரோமோல் அளவில் இருக்கும், நைட்ரேட்டோ ஆழத்தில்கூட 30, 40தான், வெப்பமண்டலக் கடலின் மேல்நீரில் ஒன்றுகூடத் தேறாது. போதாததற்குப் புரோமைடின் உறிஞ்சல் வெப்பநிலையோடு மாறும். ஆக உப்பளவையும் வெப்பநிலையையும் கூடவே அளந்து, அதன் பங்கைக் கழித்த பிறகுதான் நைட்ரேட்டு கைக்கு வரும். ஊட்டி ஏரியில் இதே கருவியை இறக்கினால் புரோமைடு தொல்லை இருக்காது, கலங்கல்தான் தொல்லை.

பாஸ்பேட்டு இப்படி நேரடியாகச் சிக்காது, நிறமேற்றித்தான் பிடிக்க வேண்டும். இது எனக்குப் பழகிய வேலை. மண் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் இருந்தேன். நீலகிரி மண் அமில மண் என்பதால் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரசை, அளக்கப் பிரே (Bray) என்ற முறை. மாலிப்டேட்டு சேர்த்து, கடைசியில் ஸ்டானஸ் குளோரைடு சில சொட்டு விட்டதும் குழாயில் மெல்ல நீலம் ஏறும், நீலம் அடர்ந்தால் மணிச்சத்து அதிகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விரல்ரேகை படிந்த குவளையை அப்படியே கருவியில் வைத்து, ஒரு கேரட் தோட்டத்துக்காரருக்கு "மணிச்சத்து ஏராளம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை, அவர் சொன்னதுதான் சரி. கடல்நீருக்கு 1962இல் மர்பியும் ரைலியும் எழுதிய முறையிலும் இதே மாலிப்டினம் நீலம்தான், ஸ்டானஸ் குளோரைடுக்குப் பதில் அஸ்கார்பிக் அமிலம். அதைச் சின்னப் பம்புகளோடு ஒரு குப்பிக்குள் அடக்கிக் கடலில் இறக்கி வைக்கிறார்கள். ஆகவே "ஒளிவழி" இரண்டு வகைக்கும் பொருந்தும்.

சரி, ஊட்டச்சத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அங்கன்வாடிச் சத்துமாவுதான் நினைவுக்கு வருகிறது. "கடல் ஊட்டச்சத்து" என்றால் மீன் எண்ணெய் மாத்திரை என்றே பாதிப் பேர் நினைப்பார்கள். அதற்கு மாற்றாக ஒருவர் "உரச்சத்து" என்றார், முதலில் எனக்கும் பிடித்தது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்றையும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேத்தித் தோட்டத்து உரம் மழையில் கரைந்தால் பவானி வழியாகக் காவிரிக்கும் கடலுக்கும்தானே போகிறது. ஆனால் யோசித்தால் கடலில் மூன்றாவது மூட்டை கணக்கிலேயே இல்லை. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் கொட்டிக் கிடக்கிறது, எந்தப் பாசிக்கும் அங்கே அதற்குத் தட்டுப்பாடு கிடையாது. அதன் இடத்தில் சிலிக்கேட்டு உட்கார்ந்திருக்கிறது, டயாட்டம் என்ற நுண்பாசி ஓடு கட்டுவதற்கு. தவிர, உரம் என்றால் யாரோ போட்டது. ஆழ்கடலிலிருந்து மேலேறி வரும் நைட்ரேட்டை யாரும் போடவில்லை.

எனவே "சத்துப்பு". சத்து, உப்பு, அவ்வளவுதான். கடலே உப்பு, அதில் இது என்ன தனி உப்பு என்று கேட்பீர்கள். கறியுப்பைத் தவிர மற்றவற்றை உப்பு என்று சொல்லி நமக்குப் பழக்கம் இல்லையா? இந்துப்பு, பேதியுப்பு, வெடியுப்பு எல்லாம் நாட்டுமருந்துக் கடைச் சொற்கள், யாரும் குழுக் கூட்டி ஆக்கவில்லை. அதிலும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டேதான். நைட்ரேட்டைத் தமிழன் ஏற்கெனவே உப்புக் கணக்கில்தான் வைத்திருக்கிறான். இந்துப்பு சொல்கிற வாய்க்குச் சத்துப்பு கஷ்டமும் இல்லை.

சிலிக்கேட்டை உப்பு என்பது வேதியியல்படி கொஞ்சம் இழுபறிதான், கடல்நீரில் அது பெரும்பாலும் சிலிசிக் அமிலமாகவே இருக்கிறது. அந்தக் குறை எனக்குத் தெரிந்தே இருக்கிறது, யாராவது அடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். "சென்சார் என்றே விடுங்களேன்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

என் முன்மொழிவு: ஒளிவழிச் சத்துப்பு உணரி. கடைசிச் சொல் உணரியா மானியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கொட்டலசும் பாசியும் ஒட்டிய கருவியைப் படகில் இழுத்துப்போட்டுச் சுரண்டப் போகிறவர் தூத்துக்குடி நண்பர், அப்போது அதை என்னவென்று கூப்பிட வாய் வருகிறது என்று அவரே சொல்லட்டும்.